‘ராஜராஜன் காசு’ ஏழு: ஊறவைத்து, எடை போட்டு, எழுத்துக் கூட்டியது

‘எல்லாமே ராஜராஜன் காசு’ என்று சொல்லி விற்ற ஒரு பொட்டலம். உள்ளே ஏழு செப்புக் காசுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம். இரண்டு கறுப்பு, மூன்று பச்சை, ஒன்று மண் நிறம், ஒன்றில் ஆங்காங்கே வெளிர்பச்சைப் பொடி. எங்கே கிடைத்தவை என்று கேட்டதற்கு, “ஆத்துல வந்ததுங்க” என்றார் விற்றவர். எந்த ஆறு என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு காசின் வரலாற்று மதிப்பில் பாதி அந்த இடத்திலேயே போய்விடுகிறது. கிடைத்த இடம் தெரிந்தால் அந்தக் காசு எவ்வளவு தூரம் புழங்கியது, கூட என்ன இருந்தது, எந்தக் காலத்து மண்ணடுக்கு என்றெல்லாம் பேசலாம். இப்போது காசு என்ன சொல்கிறதோ அதை மட்டும்தான் கேட்க முடியும்.

சரி, அதையாவது முழுசாகக் கேட்போம் என்று உட்கார்ந்தேன். ஏழையும் சுத்தம் செய்வது, யாருடையவை என்று படிப்பது, அப்புறம் தேய்ந்துபோன காசுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து ஒரு முழு அச்சைத் தாளில் வரைவது. இதுதான் திட்டம்.

கடைசி வேலைக்கு ஒரு காரணம் உண்டு. இந்த வகைக் காசுகளில் படத்தைப் பதிக்கும் அச்சு பெரிது, அடி வாங்கும் செப்புச் சில்லு சிறிது. சம்மட்டி அடி கொஞ்சம் தள்ளி விழுந்தால் ராஜாவின் தலை போய்விடும், அல்லது எழுத்தின் ஓரம் போய்விடும். அச்சில் வெட்டியிருந்த முழுப் படத்தையும் ஒரே காசில் பார்ப்பது அபூர்வம். ஒன்றில் தலை, ஒன்றில் கால், ஒன்றில் எழுத்து என்று பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

இந்த வகையைப் பார்க்காதவர்களுக்காக: ஒரு பக்கம் ஒரு ஆள் நிற்கிறான். கை கால் எல்லாம் குச்சி குச்சியாக இருக்கும், வேட்டியின் மடிப்புகள் இரண்டு பக்கமும் வளைகோடுகளாக இறங்கும். ஒரு பக்கம் விளக்கு போல ஒன்று, மறுபக்கம் அடுக்கிவைத்த புள்ளிகள், அவற்றின் மேல் பிறை. காசின் அடுத்த பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து, இடது கையைத் தூக்கி எதையோ பிடித்திருக்கிறான். சங்கு என்பவர்களும் உண்டு, பூ என்பவர்களும் உண்டு. தூக்கிய கைக்குக் கீழே நாகரி எழுத்தில் (இன்றைய இந்தி எழுத்தின் பழைய வடிவம்) மூன்று வரி: ‘ஸ்ரீ’, ‘ராஜ’, ‘ராஜ’. அவ்வளவுதான். 985 முதல் 1014 வரை ஆண்டவன், பெரிய கோயில் சுவரில் தன் வெற்றிகளைப் பத்தி பத்தியாக வெட்டி வைத்தவன், செப்புக் காசில் பெயரோடு நிறுத்திக்கொண்டான்.

முதலில் சுத்தம். இங்கேதான் பெரும்பாலான காசுகள் சாகின்றன. புளி, எலுமிச்சை, பித்தளை தேய்க்கும் பசை, ஆசிட் எதுவும் கூடாது. பூஜைச் சாமானுக்குப் புளி சரி, ஏனென்றால் சொம்பில் படிக்க வேண்டிய எழுத்து எதுவும் கிடையாது. ஆயிரம் வருஷத்துக் காசில் பல இடங்களில் எழுத்தின் வடிவம் உலோகத்திலேயே இல்லை, மேலே படிந்த களிம்பில்தான் நிற்கிறது. அடியில் இருந்த செம்பு கரைந்து, அதன் உருவத்தைக் களிம்பு வாங்கி வைத்திருக்கிறது. பளபளப்பாக்கப் போனால் ராஜாவையும் சேர்த்துத் தேய்த்துவிடுவோம்.

நான் செய்தது மெதுவான வேலை. ஒவ்வொரு காசும் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், செம்புக்கு அது எதிரி. தண்ணீர் கலங்கினால் மாற்றுவது, கலங்குவது நின்றால் வெளியே எடுப்பது. இளகிய மண்ணை எடுக்க மூங்கில் சீவலும் தென்னை ஈர்க்குச்சியும் போதும். ஊசி வேண்டாம். ஈர்க்குச்சியின் நுனியைக் கொஞ்சம் நசுக்கிவிட்டால் சின்ன பிரஷ் மாதிரி ஆகிவிடுகிறது, மண்ணை அள்ளும், களிம்பைக் கீறாது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, எழுத்தின் பள்ளத்திலிருந்து மண்ணை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் எழுத்தின் ஓரம் மழுங்கும்.

வெளிர்பச்சைப் பொடி இருந்த காசு வேறு கதை. அதைச் சேகரிப்பாளர்கள் காசு நோய் என்பார்கள். பெயர் சரிதான், ஏனென்றால் அது நிற்காது. செம்பில் ஒட்டியிருக்கும் குளோரைடு காற்று ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து பச்சைப் பொடியாகிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த செம்பைத் தின்கிறது, அதிலிருந்து மறுபடி குளோரைடு. பொடியைத் துடைத்தால் தீராது, உள்ளே இருக்கும் குளோரைடு வெளியே வந்தாக வேண்டும். நல்ல களிம்பு கெட்டியாக, வழுவழுப்பாக, கரும்பச்சையில் இருக்கும், குச்சி பட்டாலும் உதிராது. நோய் பிடித்தது வெளிர் நிறத்தில் மாவு போல உதிரும். தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இதற்குச் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆப்பச்சோடாவும் சலவைச் சோடாவும் சேர்ந்ததுதான். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு ஆப்பச்சோடா 22 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 28 கிராம். மொத்தம் 50 கிராம், அதாவது ஐந்து சதவீதம். காசை அதில் போட்டு, கரைசலை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். ரொம்ப நாள் கிடந்தால் களிம்பின் நிறம் கொஞ்சம் மாறும், அதனால் எல்லாக் காசையும் ஆசைக்கு இதில் போடக் கூடாது. நோய் கண்டதற்கு மட்டும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் பல முறை அலசி, அசிட்டோனில் ஒரு முக்கு முக்கி, காயவைத்தேன். அசிட்டோன் துளைகளுக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். காய்ந்த காசைத் தனி டப்பாவில் வைத்துக் கவனித்து வருகிறேன். இதுவரை பொடி திரும்ப வரவில்லை.

எடை: ஏழும் 3.1 கிராமிலிருந்து 4.2 கிராம் வரை. தேய்மானத்தையும் துருவையும் கழித்துப் பார்த்தால், நான்கு கிராமை ஒட்டிய ஒரே எடையை நோக்கி அடித்தவை என்று சொல்லலாம். எல்லாக் காசின் விளிம்பிலும் சின்ன வெடிப்புகள் இருந்தது திருப்தி. அடி வாங்கிய சில்லு விரியும்போது ஓரம் இப்படிக் கீறும். வார்த்து எடுத்த போலிகளில் இந்த வெடிப்பு இருக்காது, அதற்குப் பதிலாகக் காற்றுக் குமிழித் துளைகளும், மெழுகு போல மழுங்கிய எழுத்தும், விளிம்பைச் சுற்றி அரம் ராவிய தடமும் இருக்கும்.

இனி படிப்பது. நேர் வெளிச்சத்தில் தேய்ந்த காசு ஒன்றும் சொல்லாது. அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தேன். அரை மில்லிமீட்டர் கூட இல்லாத மேடு நீளமாக நிழல் போடும். காசை நகர்த்தாமல் டார்ச்சை மட்டும் நான்கு திசையிலும் வைத்து நான்கு படம். ஒரு திசையில் கோடாகத் தெரிவது இன்னொரு திசையில் வெறும் கீறல் என்று தெரிந்துவிடும், ஏனென்றால் கீறல் பள்ளம், எழுத்து மேடு. பள்ளத்தின் நிழல் வெளிச்சம் வரும் பக்கத்து ஓரத்தில் விழும், மேட்டின் நிழல் எதிர்ப்பக்கம் விழும். இன்னொரு வழியும் உண்டு. கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பதைப் போல, மெல்லிய தாளைக் காசின் மேல் வைத்துப் பென்சில் ஈயத்தூளை விரலால் தடவுவது. எழுத்து தூக்கலாக வரும். நோய் பிடித்த காசில் இதைச் செய்யக் கூடாது.

நாகரி தெரியாதவர்களுக்கும் ஒரு குறுக்குவழி சொல்கிறேன். தூக்கிய கைக்குக் கீழே மூன்று வரிகள் எண்ணுங்கள். முதல் வரி ‘ஸ்ரீ’, அது எல்லாரிடமும் உண்டு. இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் அச்சு அசலாக ஒன்றா? ‘ரா’வின் இரண்டு நெட்டுக்கோடுகள், பக்கத்தில் ‘ஜ’. அதே ஜோடி கீழேயும் வந்தால் ராஜராஜன்.

முதல் நான்கு காசுகளில் இது சுலபமாகப் பொருந்தியது. ஐந்தாவதில் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வரிகள் அதிகம், எழுத்துகள் பொடி. ‘ப’வும் ‘ர’வும் முதலில் பிடிபட்டன. ‘ஸ்ரீ பராக்ரமபாஹு’. ராஜராஜனுக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட இலங்கை மன்னன். அதே நிற்கும் ஆள், அதே உட்கார்ந்த ஆள், அதே பிறை. பெயர் மட்டும் வேறு.

ஆறாவது காசுதான் இந்தப் பொட்டலத்தின் புதையல். ‘ஸ்ரீ’ தெளிவு. இரண்டாம் வரி ‘ராஜ’, அதுவும் தெளிவு. மூன்றாம் வரியில் ‘ராஜ’ இல்லை. ஒரே எழுத்துச் சுருள் இரண்டு முறை வருகிறது, ஒன்றின் தலையில் ‘ஈ’காரக் கொம்பு. மேற்கிலிருந்து வெளிச்சம் அடித்தபோதுதான் ‘லீலா’ என்று விழுந்தது. அடியில் ‘வதீ’ பாதி வெட்டுப்பட்டு நின்றது. ஸ்ரீ ராஜ லீலாவதி.

லீலாவதி பராக்ரமபாகுவின் மனைவியரில் ஒருத்தி. அவன் இறந்து, அரியணைக்காக ஆளாளுக்கு அடித்துக்கொண்ட காலத்தில் 1197இலிருந்து 1212க்குள் மூன்று முறை அரியணை ஏறி மூன்று முறையும் இறக்கப்பட்டவள். அவள் காசில் நிற்பதும் அதே வேட்டி கட்டிய ஆள்தான்! பெண் உருவம் கிடையாது, பட்டமும் ‘ராஜ’தான், ‘ராணி’ அல்ல. ஆக, அந்த உருவம் யாருடைய முகமும் அல்ல. ராஜராஜன் எப்படி இருந்தான் என்று இந்தக் காசைக் காட்டிச் சொல்கிறவர்களை இனி நம்ப வேண்டியதில்லை. அது அரசு என்பதன் சின்னம். உட்காருகிறவர் யாராக இருந்தாலும் அதே நாற்காலிதான்.

ரோமானியர்கள் இதற்கு நேர்மாறு. அங்கே முகம்தான் எல்லாம். பேரரசரின் மூக்கு, கழுத்துச் சதை வரை அச்சில் வெட்டினார்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்த முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது காசு அல்ல, வெறும் தங்கம் என்று காட்டவோ, வேறெதற்கோ. காரணத்தில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அகஸ்டஸும் திபேரியஸும் தங்கள் முகத்தால் உலகத்துக்குச் சொல்ல நினைத்த செய்தி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது எடையாக மட்டும் மிஞ்சியது என்பது அந்த வெட்டில் தெரிகிறது. அதே ரோமானியக் காசைப் பார்த்துவிட்டு ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்துத் தன் முகத்தையும் வெள்ளியில் அடித்துக்கொண்ட சேரனும் உண்டு.

நம் காசுக்கு வருவோம். நிற்கும் ஆள், உட்கார்ந்த ஆள் என்ற இந்த அமைப்பு யாருடையது? ராஜராஜன் ஈழத்தை வென்ற பெருமைக்காக அடித்தான், அதனால்தான் ஈழக்காசு என்று பெயர் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராஜராஜனுக்கு முந்தைய சோழர் கல்வெட்டுகளிலேயே ‘ஈழக்காசு’ வருகிறது. இலங்கையில் ‘ஸ்ரீ லங்காவிபு’ என்று நாகரியில் பொறித்த, இதே அமைப்புள்ள தங்கக் காசுகள் உண்டு. அவற்றின் காலம் பற்றி வாதம் நடந்துகொண்டிருந்தாலும், பலர் அவற்றை ராஜராஜனுக்கு முன்னால் வைக்கிறார்கள். அப்படியானால் நடந்தது இதுதான்: கடலின் இரு கரையிலும் மக்கள் ஏற்கெனவே நம்பி வாங்கிய ஒரு காசின் வடிவத்தை எடுத்து, சோழன் தன் பெயரைப் போட்டு, செம்பில் மலிவாகக் கொட்டினான். தான் வென்ற நாட்டின் காசை அழித்துத் தன் புலியைத் திணிக்கவில்லை.

புலியும் இருந்தது, வேறு காசுகளில். உட்கார்ந்த புலி, பக்கத்தில் பாண்டியனின் மீன், சேரனின் வில். திருவாலங்காடு, ஆனைமங்கலம் செப்பேடுகளின் முத்திரையிலும் இதே கூட்டம் குடை விளக்கு சகிதம் இருக்கும். அது விளம்பரம்தான், சந்தேகமே இல்லை. மூன்று நாட்டு அடையாளமும் ஒரே வட்டத்துக்குள், நடுவில் நம்முடையது. ராஜேந்திரன் இன்னும் ஒரு படி போய் ‘கங்கைகொண்ட சோழன்’ என்ற பட்டத்தையே தங்கக் காசில் ஏற்றினான். தங்கம் போகும் கைகள் வேறு, செம்பு போகும் கைகள் வேறு. பட்டத்தைப் படித்து மிரள வேண்டியவர்களிடம் தங்கம் போனது. வெற்றிலை வாங்குகிறவனுக்கு வேண்டியது பழகிய வடிவம், அவ்வளவே. இது என் கணிப்பு, கல்வெட்டில் இப்படி எழுதிவைக்கவில்லை.

இன்னொரு விஷயம் இதைவிட வேடிக்கை. 1070 வாக்கில் முதலாம் விஜயபாகு சோழரைப் பொலன்னறுவையிலிருந்து விரட்டிவிட்டான். விரட்டியவர்களின் வாரிசுகள் சோழனின் பெயரைக் காசிலிருந்து எடுத்தார்கள், காசை எடுக்கவில்லை. பராக்ரமபாகு, நிஸ்ஸங்கமல்லன், சாஹஸமல்லன், லீலாவதி என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை இதே ஆள் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருந்தான். நாளாக நாளாகக் கோடுகள் இன்னும் குச்சியாகின்றன. என் நான்கு ராஜராஜன் காசுகளில் உட்கார்ந்த உருவத்துக்குத் தொடை, முழங்கால் என்று ஏதோ சதை இருக்கிறது. லீலாவதி காசில் வெறும் வளைகம்பி. அச்சு வெட்டியவன் மனிதனைப் பார்த்து வெட்டவில்லை, முந்தைய காசைப் பார்த்து வெட்டியிருக்கிறான். ராஜா சொல்லச் சொன்னதில் இது சேராது, தானாக வெளியே வந்த சாட்சி. எனக்கு இந்த மாதிரி சாட்சிகள்தான் பிடிக்கும்.

ஏழாவது காசு பேசவில்லை. முன்பக்கம் பிறையும் ஒரு காலும் தெரிகின்றன, பின்பக்கம் முழுக்க அரித்துவிட்டது. அதற்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை.

படம் வரைவதற்கு நான்கு ராஜராஜன் காசுகளை எடுத்துக்கொண்டேன். ஒரே அச்சில் அடித்தவையா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் வெட்டிய அச்சை ஒட்டுப்போட்டு இல்லாத ஒரு காசை உருவாக்கிவிடுவோம். படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ‘ஸ்ரீ’யின் கொம்பிலிருந்து முழங்கை வரையுள்ள தூரத்தையும் சாய்வையும் ஒப்பிட்டேன். இரண்டு காசுகள் கச்சிதமாகப் பொருந்தின. அந்த இரண்டிலும் இரண்டாம் வரி ‘ஜ’வின் வயிற்றிலிருந்து ஒரு மயிரிழைக் கோடு கீழே ஓடுகிறது. ஒன்றில் சின்னது, மற்றதில் மூன்றாம் வரியைத் தொடும் நீளம். அச்சில் விழுந்த விரிசல் அது. முதல் காசு அடித்தபோது விரிசல் தொடங்கியிருக்கிறது, இரண்டாவது அடிக்கும்போது நீண்டிருக்கிறது. எந்தக் காசு முன்னால், எந்தக் காசு பின்னால் என்று தேதி இல்லாமலே தெரிந்துவிட்டது! விரிசல் விட்ட அச்சைத் தூக்கிப் போடாமல் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. தேவை அவ்வளவு அவசரம் போலும். மற்ற இரண்டும் வேறு வேறு அச்சுகள், அவற்றைப் படத்தில் சேர்க்கவில்லை.

டிரேசிங் தாளை இரண்டு படத்தின் மேலும் மாற்றி மாற்றி வைத்து வரைந்ததில் பின்பக்கம் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது. உறுதியாகத் தெரிந்த கோடு மை, ஊகித்த கோடு பென்சில், விரிசல் சிவப்பு. இந்தப் பிரிவினை முக்கியம். அழகுக்காக எல்லாவற்றையும் மையில் இழுத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எனக்கே எது பார்த்தது, எது நினைத்தது என்று தெரியாது.

காசுகள் இப்போது அமிலமில்லாத தாள் உறைகளில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் இருக்கின்றன. மெத்தென்ற பிவிசி உறைகள் வேண்டாம், நாளடைவில் அமிலம் கசிந்து பச்சைப் பசையாக ஒட்டும். ஒவ்வொரு உறையிலும் எடை, விட்டம், எழுத்து, அச்சு எண், செய்த சிகிச்சை. ‘கிடைத்த இடம்’ என்ற கட்டத்தில் ஏழிலும் ‘தெரியாது’. சொந்த நிலத்தில் தோண்டும்போது காசு கிடைத்தால் தயவுசெய்து இப்படி ஆக்கிவிடாதீர்கள். மண்ணிலிருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

முன்பக்கப் படம் பாதியில் நிற்கிறது. இரண்டு காசிலுமே அடி இடப்பக்கம் தள்ளி விழுந்திருப்பதால், இடப்பக்க விளக்கின் தண்டும் அடியும் வெளியே போய்விட்டன. அந்தப் பகுதி இப்போதைக்கு முழுக்கப் பென்சில். இரண்டாம் வரி ‘ஜ’விலிருந்து விரிசல் ஓடும் காசு யாரிடமாவது இருந்தால், அதன் மறுபக்கத்தில் விளக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.